விடாத மனச்சோர்வுக்குக் காந்த சிகிச்சை: விசுவமடுத் தங்கச்சிக்கு ஒரு பதில்

விசுவமடுவில் இருக்கும் ஒரு தங்கச்சி தன் அண்ணாவுக்காகக் கேட்டிருக்கிறார். அண்ணாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. 2009 இறுதிப் போரில் காயப்பட்டவர், காதுக்குப் பின்னாலும் தோளிலும் செல் (எறிகணை) துண்டுகள் இன்னும் உள்ளே இருக்கின்றன. சில வருடங்களாக மனச்சோர்வு. வயலுக்குப் போவதில்லை, பிள்ளைகளோடு கதைப்பதில்லை, வற்றாப்பளைப் பொங்கலுக்குக்கூட எழும்பி வெளிக்கிட மனமில்லை. கிளினிக்கில் மூன்று விதமான குளிசை மாற்றிக் கொடுத்துப் பார்த்தாயிற்று. ரொறன்ரோவில் இருக்கும் அக்கா, "இங்கை தலைக்குக் காந்தம் பிடிச்சு மாத்துறாங்கள், சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போ, காசு நான் அனுப்புறன்" என்கிறாராம். தங்கச்சி கேட்பது நான்கு: இது கரண்ட் பிடிக்கிறது போலவா? சுகம் வருமா? செல் துண்டு இருப்பவருக்குச் செய்யலாமா? குளிசையை நிறுத்த வேணுமா?

தங்கச்சி, நீங்கள் மூன்றாவதாகக் கேட்டதை நான் முதலில் எடுக்கிறேன். அதற்கு விடை தெரியாமல் யாரும் பிளேன் டிக்கெட் போடக்கூடாது.

காந்த சிகிச்சை என்பது தலைக்கு வெளியே ஒரு கம்பிச் சுருளை வைத்து, மூளைக்குக் காந்தத் துடிப்புக் கொடுப்பது. அது யாருக்குக் கூடாது என்று கருவியோடு வரும் அறிவுறுத்தலில் ஒரு பட்டியல் இருக்கும். தலைக்குள் உலோகம் இருப்பவர்கள்தான் அதில் முக்கியமானவர்கள். காதுக்குள் அறுவைச் சிகிச்சையால் பொருத்திய கேட்கும் கருவி, மூளை இரத்தக்குழாயில் போட்ட கிளிப், இவற்றோடு துப்பாக்கிக் குண்டுத் துண்டுகளும் அதில் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கின்றன. தலை மட்டுமல்ல, காந்தச் சுருள் வைக்கும் இடத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் உலோகம் இருந்தாலும் பார்க்க வேண்டும். பல் அடைத்தது பரவாயில்லை. அண்ணாவின் தோளில் இருப்பதும் இந்த எல்லைக்குள் வரக்கூடும், ஆகவே அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சுருளின் காந்தப்புலம் உலோகத்துக்குள்ளும் மின்னோட்டத்தை எழுப்பும். துண்டு சூடேறலாம், அசையலாம். தசைக்குள் அசைந்தால் நோவோடு போய்விடும். மண்டையோட்டுக்குள் அசைந்தால் அது வேறு கதை.

வன்னியில் எத்தனையோ வீடுகளில் இதே நிலைதான். மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் காயத்தைக் கட்டி இரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடாக இருந்தது. துண்டை எடுக்க இடமுமில்லை, மருந்துமில்லை. பிறகு செட்டிக்குளம் முகாமால் வெளியே வந்தவர்கள் பலர், "அது உள்ளுக்கை கிடக்கட்டும், ஒண்டும் செய்யாது" என்ற ஒரு வார்த்தையோடு ஊர் திரும்பினார்கள். கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. ஆகவே காதுக்குப் பின்னால் இருப்பது தோலுக்கு அடியிலா, எலும்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனதா என்று அண்ணாவுக்கே தெரிந்திருக்காது. தலைக்கும் தோளுக்கும் ஒரு எக்ஸ்றே எடுக்கச் சொல்லுங்கள். அதில் தெளிவில்லை என்றால் சி.ரி. ஸ்கான். இரண்டிலும் காந்தம் இல்லை, பயப்படாமல் எடுக்கலாம். எம்.ஆர்.ஐ. அப்படியில்லை. அது ஆளையே உள்ளே வைக்கும் பெரிய காந்தம். காலில் துண்டு இருந்தால்கூட அங்கே சொல்லியே ஆக வேண்டும். காந்த சிகிச்சை நிலையங்கள் சிலவற்றில், எந்த இடத்தில் சுருளை வைப்பது என்று பார்க்க முதலில் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். "ஒரு ஸ்கான் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று சாதாரணமாகச் சொல்லும்போது அது எந்த ஸ்கான் என்று திருப்பிக் கேளுங்கள்.

அண்ணியிடமும் அம்மாவிடமும் இன்னும் சில விஷயம் கேட்டு வையுங்கள். காயப்பட்ட நேரம் அண்ணா நினைவு தப்பிக் கிடந்தாரா, அதற்குப் பிறகு எப்போதாவது வலிப்பு வந்ததா? குடிக்கிறாரா? காந்த சிகிச்சையில் வலிப்பு வருவது மிக அரிது, ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் அந்தக் கணக்கு தலையில் காயமில்லாதவர்களை வைத்துப் போட்டது. மூளையில் பழைய வடு இருப்பவருக்கும், கசிப்புக் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தியவருக்கும், இரவிரவாக நித்திரை இல்லாதவருக்கும் அந்த ஆபத்துக் கூடும்.

இனி, இது கரண்ட் பிடிக்கிறது, அதாவது மின்வலிப்புச் சிகிச்சை, போலவா என்ற கேள்வி. இல்லை. இரண்டும் வேறு. மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் பக்கத்தில் உள்ள கடத்தியில் மின்னோட்டத்தைப் பிறப்பிக்கும் என்று மைக்கல் ஃபரடே 1831இல் காட்டினார். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தனி பார்க்கரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு சுருளை ஆளின் தலைக்கு மேலே பிடித்து, அதற்குள் ஒரு கணம் பலத்த மின்னோட்டத்தைப் பாய்ச்சினார்கள். தலையைத் திறக்கவில்லை, தோலில் கம்பி ஒட்டவில்லை. ஆனால் அந்த ஆளின் கை அசைந்தது. பத்து வருடம் கழித்து, 1990களின் நடுவில், அதே சுருளை மனச்சோர்வுக்காரருக்கு வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் அனுமதி கொடுத்தது. பிரித்தானியாவில் வைத்திய முறைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு 2015இல் இதற்கு வழிகாட்டல் வெளியிட்டது. ஆக இது நேற்று முளைத்த வைத்தியமில்லை.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காந்த மெத்தை, காந்தக் காப்பு, காந்தத் தண்ணீர் என்று வீடு தேடி வந்து விற்பவர்கள் இந்தச் சிகிச்சையின் பெயரைச் சொல்லிக் காசு கறப்பார்கள். அவை அசையாத, மாறாத காந்தங்கள். அவற்றால் மூளையில் மின்னோட்டம் எழாது. ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

சிகிச்சை அறையில் நடப்பது இது. ஆள் ஒரு சாய்வுக் கதிரையில் விழித்தபடியே இருப்பார். மயக்க மருந்து இல்லை, பட்டினி கிடக்கத் தேவையில்லை. காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள், ஏனென்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் சுருள் 'டக்' என்று பலத்துச் சத்தம் போடும். முதல் நாள் தலையின் இடப்பக்கம் சுருளை வைத்து, ஒவ்வொரு தட்டாகத் தட்டி, வலது கையின் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓரிடத்தில் தட்டும்போது, அவர் நினைக்காமலே பெருவிரல் துள்ளும். அந்தத் துள்ளலுக்கு எவ்வளவு பலம் போதும் என்று குறைத்துக் குறைத்துக் கண்டுபிடிப்பார்கள். அதுதான் அந்த ஆளுக்குரிய அளவுகோல். ஒவ்வொருவருக்கும் அது வேறு. இதை அளக்காமல் எல்லோருக்கும் ஒரே பலத்தில் வைக்கும் இடம் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். பிறகு சுருளை முன்னுக்குக் கொண்டுபோய், இடப்பக்க நெற்றிக்கு மேலே மயிர் தொடங்கும் அளவில் நிறுத்துவார்கள். நாடாவால் தலையை அளந்தே அந்த இடத்தைக் குறிக்கும் முறையும் உண்டு, எம்.ஆர்.ஐ. கட்டாயமில்லை. மனச்சோர்வில் மந்தமாகிப்போகும் முன்மூளைப் பகுதி அங்கேதான் இருக்கிறது. துடிப்பு நேரடியாகப் போவது இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழம்தான். ஆனால் அந்தப் பகுதியிலிருந்து துக்கத்தையும் உற்சாகத்தையும் ஆளும் ஆழமான இடங்களுக்கு நரம்பு வழி போவதால், நாளுக்கு நாள் தட்டத் தட்ட அந்த முழு இணைப்பும் மாறும் என்பதே இப்போதுள்ள விளக்கம்.

வழக்கமான முறையில் நாலு வினாடி நேரம், வினாடிக்குப் பத்துத் துடிப்பு, பிறகு அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைந்த ஓய்வு, மீண்டும் துடிப்பு. மரங்கொத்தி நெற்றியில் இருந்து கொத்துவதுபோல இருக்கும். முதற்கிழமை அந்த இடம் நோகும், தலையிடி வரும், கண்ணிமை துடிக்கும். பெரும்பாலானோருக்கு ஒரு பரசிற்றமோல் போதும், பிறகு பழகிவிடும். முடிந்ததும் தானே எழும்பி பஸ் ஏறிப் போகலாம். நினைவு மங்காது.

சுகம் வருமா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்வதென்றால் இலக்கங்களைச் சொல்ல வேண்டும். 2010இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில் உண்மையான சுருளையும், அதே சத்தமும் அதே சுள்ளென்ற உணர்வும் தரும் பொய்ச் சுருளையும் ஒப்பிட்டார்கள். முற்றாகச் சுகமானவர்கள் உண்மைச் சுருளில் நூற்றுக்கு 14 பேர், பொய்ச் சுருளில் 5 பேர். வித்தியாசம் உண்மையானது, ஆனால் சிறியது. பிறகு வழக்கமான மருத்துவ நிலையங்களில் 307 பேரைப் பார்த்து 2012இல் எழுதிய ஆய்வில், வைத்தியர்களின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ நூற்றுக்கு 58 பேர் நன்றாகத் தேறினார்கள், அவர்களில் 37 பேர் சுகமானார்கள். அங்கே பொய்ச் சுருள் இல்லை. பலர் குளிசையும் சேர்த்தே எடுத்தார்கள். நான் இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் நம்பிக்கை வைப்பேன். அக்கா இருக்கும் ரொறன்ரோவிலும் வன்கூவரிலும் 414 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வந்தது. முப்பத்தேழரை நிமிடம் எடுக்கும் பழைய முறைக்கு, மூன்று நிமிடத்தில் முடியும் புதிய துடிப்பு முறை எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்று அது காட்டியது. இரண்டிலும் ஏறத்தாழ பாதிப் பேர் நன்றாகத் தேறினார்கள், மூன்றில் ஒருவரளவில் சுகமானார்கள். அக்கா கேள்விப்பட்டது அனேகமாக இந்த மூன்று நிமிட முறையாகத்தான் இருக்கும்.

மூன்றில் ஒருவர் என்பது குறைவாகத் தெரியலாம். ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பாருங்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 பேரைப் படிப்படியாக மருந்து மாற்றிப் பார்த்த பெரிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. முதல் மருந்தில் சுகமானவர்கள் மூன்றில் ஒரு பங்கு. மூன்றாவது, நாலாவது மருந்துக்குப் போனபோது அது நூற்றுக்குப் பதின்மூன்று, பதினாலாக விழுந்துவிட்டது. அதாவது இரண்டு மருந்து உண்மையிலேயே கேட்கவில்லை என்றால், இன்னொரு குளிசையை மாற்றிக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருப்பதைவிடக் காந்தத்தை யோசிப்பது நியாயம். அந்த விதத்தில் உங்கள் அக்கா சொல்வதை நான் தள்ளிவிடவில்லை.

ஆனால் "உண்மையிலேயே" என்ற இடத்தில்தான் நம்மூரில் பிசகு நடக்கிறது. அண்ணாவின் கிளினிக் கொப்பியை எடுத்து விரியுங்கள். இப்படியான கொப்பிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்தில் ஃபுளூஒக்சற்றின் 20 மில்லிகிராம், காலையில் ஒன்று. அடுத்த திகதிக்கு ஆள் வரவில்லை. காலபோக அறுவடை, அல்லது பஸ் காசில்லை. மூன்று மாதம் கழித்து வந்தவருக்கு வேறு வைத்தியர்; "கேட்கயில்லை" என்று அண்ணா சொல்ல, வேறு குளிசை. அதற்கடுத்த பக்கத்தில் நித்திரைக்கென்று அமிற்றிப்ரிலின் 25, இரவில். வீட்டில் இதை மூன்று மருந்து என்று எண்ணுவார்கள். வைத்தியக் கணக்கில் இதில் ஒன்றுகூட முழுதாகப் பார்க்கப்படவில்லை. ஒரு மருந்து கேட்கவில்லை என்று சொல்ல, போதிய அளவில் ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை ஒருநாளும் விடாமல் எடுத்திருக்க வேண்டும். அமிற்றிப்ரிலின் 25 நித்திரைக்கும் நோவுக்கும் போதும். மனச்சோர்வுக்கு வழக்கமாக 75இலிருந்து 150 வரை தேவைப்படும். கொப்பியில் இடைவெளிகள் இருந்தால் அண்ணாவுக்கு முதலில் வேண்டியது, கிழமைக் கணக்கைக் குறித்துக் குளிசையைக் கையில் எடுத்துக் கொடுக்கும் ஒருவர். அண்ணியோ நீங்களோ அதைச் செய்யலாம். லிதியம் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் தேறுகிறவர்களும் உண்டு, அதற்கு இரத்தப் பரிசோதனை ஒழுங்காகச் செய்ய வேண்டும். தைரொயிட் சோதனை ஒருமுறையாவது செய்தார்களா என்றும் கேளுங்கள். எப்போதாவது சில நாள் நித்திரையே இல்லாமல், அளவுக்கு மீறிய துள்ளலோடு, கடன் வாங்கிச் செலவழித்துத் திரிந்தாரா என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அப்படியிருந்தால் நோயே வேறு, மருந்தும் வேறு.

காந்தம் தொடாத பகுதி ஒன்றும் இருக்கிறது. மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாகச் சொல்லிவருவதுபோல, போர் ஒரு ஆளை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது. அண்ணா இரவில் திடுக்கிட்டு எழும்புகிறாரா, பட்டாசுச் சத்தத்துக்கு நிலத்தில் குந்துகிறாரா, முள்ளிவாய்க்கால் பக்கம் போகவே மறுக்கிறாரா? அது மனச்சோர்வோடு கூட வரும் போர் வடு. அதற்குப் பேச்சுவழிச் சிகிச்சை வேண்டும். குடும்பத்தில் யாராவது காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், அழுது முடிக்கவும் முடியாத, மறக்கவும் முடியாத துயர் அது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டத்தில் குந்திய தாய்மாரின் துயரை யாரும் நோய் என்று சொல்லக்கூடாது, அது நீதி கேட்கும் துயர். ஆனால் அந்தத் துயரோடு வாழும் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும் பிடிக்கலாம். நோய்க்கு வைத்தியம் செய்வது இழந்தவர்களை மறப்பதாகாது. சில வீடுகளில் இந்தக் குற்ற உணர்வாலேயே குளிசையை விட்டுவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன். நுண்கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்கும் வீட்டில், தவணைக்கு வழி செய்வதும் வைத்தியத்தின் ஒரு பங்குதான்.

எக்ஸ்றேயில் துண்டு மண்டையோட்டுக்கு உள்ளே என்று வந்தால், காந்தத்தை மறந்துவிடுங்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கவும் வேண்டாம். நீங்கள் பயந்து கேட்ட அந்தக் 'கரண்ட்', மின்வலிப்புச் சிகிச்சை, கடும் மனச்சோர்வுக்குக் காந்தத்தைவிடப் பலமானது. மயக்க மருந்து கொடுத்து, தசையைத் தளர்த்தி, ஒரு நிமிடத்துக்கு உட்பட்ட வலிப்பை மூளைக்குள் வரவழைப்பார்கள். ஆளுக்கு எதுவும் தெரியாது, கை கால் அடிக்காது. சில கிழமைக்கு அண்மைய நினைவுகள் மங்கும், அது உண்மை. பெரும்பாலும் திரும்பி வரும். உலோகத் துண்டு இதற்கு அதேயளவு தடையில்லை; மின்முனைகளை வேறிடத்தில் வைக்கலாம், ஆனால் ஸ்கானைப் பார்த்து மனநல வைத்திய நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். அண்ணா சாப்பாட்டைத் தள்ளிவைக்கிறார், பேச்சை விட்டுவிட்டார், இல்லாத குரல் கேட்கிறது, "நான் இருந்து என்ன" என்று சொல்கிறார் என்றால் காந்தத்துக்காகக் காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே வேறு வீட்டில் கொடுத்துப் பூட்டி வையுங்கள். இரவில் யாரையாவது கேட்க வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

துண்டு பாதுகாப்பான இடத்தில், வலிப்பும் இல்லை, இரண்டு மருந்தும் முறையாகப் பார்த்தாயிற்று என்றால் சென்னையை யோசிக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களிலும் இது உண்டு. கிழமைக்கு ஐந்து நாள், நாலு தொடக்கம் ஆறு கிழமை, மொத்தம் இருபது முப்பது அமர்வு. அதாவது ஒன்றரை மாதம் அங்கே வீடெடுத்துத் தங்க ஒருவர் கூட வேண்டும். முதல் இரண்டு கிழமையில் பெரும்பாலும் மாற்றம் தெரியாது. "ஒண்டும் நடக்கயில்லை" என்று பத்தாம் நாளில் திரும்பி வருவதென்றால் போகாமலே இருக்கலாம். ஐந்தே நாளில் சுகம் என்ற பேச்சும் உங்கள் காதுக்கு வரும். அது ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் முறை, நாளுக்குப் பத்து அமர்வு. முடிவு வியக்கத்தக்கதாக இருந்தது, ஆனால் பொய்ச் சுருளோடு ஒப்பிட்ட அவர்களின் ஆய்வில் இருந்தவர்கள் 29 பேர்தான், இடத்தைக் குறிக்க எம்.ஆர்.ஐ.யும் வேண்டும். அண்ணாவுக்கு அது பொருந்தாது. போகுமிடத்தில் மனநல வைத்தியர் நேரில் பார்க்கிறாரா, பெருவிரல் அளவு எடுக்கிறார்களா, வலிப்பு வந்தால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். ஞாபகமறதி, பிள்ளைக்குப் பேச்சு வராமை, சலரோகம் எல்லாவற்றுக்கும் இதே காந்தம் என்று சொல்கிறவரிடம் அண்ணாவை ஒப்படைக்காதீர்கள்.

குளிசையை நிறுத்தவே வேண்டாம். காந்தம் தொடங்கினாலும் அது தொடரும், முடிந்த பிறகும் தொடரும், ஏனென்றால் சுகமானவர்களில் கணிசமானோருக்கு ஒரு வருடத்துக்குள் மனச்சோர்வு திரும்பி வருகிறது. ஆனால் எந்தெந்தக் குளிசை எடுக்கிறார் என்று அங்கே முழுதாகச் சொல்லுங்கள். வலிப்பை எளிதாக்கும் மருந்துகள் சில உண்டு. இடையில் மருந்தையோ அளவையோ மாற்றினால் பெருவிரல் அளவைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்த கிளினிக் நாளைக்குக் கொப்பி, எக்ஸ்றே இரண்டையும் கொண்டுபோய் மனநல வைத்திய அதிகாரியிடம், "இரண்டு மருந்து முறையாகப் பார்த்தாயிற்றா, துண்டு எங்கே இருக்கிறது?" என்று கேட்டு, பதிலைக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அதைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்புங்கள். அவர் அனுப்ப நினைக்கும் காசில் முதல் பங்கு, அண்ணாவும் கூடப் போகிறவரும் ஒரு தவணை விடாமல் கிளினிக்குக்குப் போய்வரும் ஓட்டோக் காசுக்கும், அந்த நாட்களில் இழக்கும் கூலிக்கும் போகட்டும்.